வீட்டில் பிறஷர் பார்ப்போம், கொப்பியில் எழுதுவோம்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்களின் பெட்டிகளில் முன்பெல்லாம் சொக்கிலேற்றும் சவர்க்காரமும்தான் இருக்கும். இப்போது அவற்றோடு பிறஷர் பார்க்கும் கருவியும் வருகிறது. எங்கள் நீர்வேலியிலும் பல வீடுகளில் இக்கருவியைக் காண்கிறேன். சில வீடுகளில் அது பிரிக்காத பெட்டியோடு அலுமாரிக்குள் இருக்கிறது. வேறு சில வீடுகளில் தலை சற்றுக் கனத்தாலே எடுத்துக் கட்டி, நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறார்கள். இந்த இரண்டினாலும் பயன் இல்லை.

1990களின் பொருளாதாரத் தடைக் காலம் எமது தாய்மாருக்கு நினைவிருக்கும். அன்று யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. இன்று நான்கு சிறிய பற்றரிகளைப் போட்டால் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே குருதி அமுக்கத்தை அறிந்துகொள்ள முடிகிறது. இவ்வளவு எளிதாகக் கைக்கு வந்த வசதியைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் வீட்டில் பார்க்க வேண்டும்?

உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலையிடி வந்தால்தான் பிறஷர் என்று நினைப்பது தவறு. உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் ஏறத்தாழ 140 கோடி பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப்பேர் அதனை அறியாமலே வாழ்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை வந்த பிறகே பலருக்கு விடயம் தெரிய வருகிறது. பாரிசவாதத்தால் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் அந்தக் கட்டிலோடு கட்டுப்பட்டுவிடுகிறது. இதை நான் விளக்கத் தேவையில்லை.

கிளினிக்கில் பார்க்கிறார்கள்தானே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். ஆனால் அது மாதத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம். விடிய எழும்பி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, வரிசையில் காத்திருந்து களைத்த உடம்பில் எடுக்கும் அளவு அது. வெள்ளை உடுப்பைக் கண்டதும் சிலருக்கு அமுக்கம் ஏறிவிடும். வேறு சிலருக்குக் கிளினிக்கில் நல்ல எண் வரும், வீட்டில் கூடியிருக்கும். இரண்டாவது வகையினரே கூடிய ஆபத்தில் இருப்பவர்கள். ஏனெனில் அவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ஜப்பானின் வடபகுதியில் ஓகசாமா என்ற கிராமிய ஊர் இருக்கிறது. 1987இல் அங்குள்ள மக்களுக்கு வீட்டுக் கருவிகளைக் கொடுத்து, நாள்தோறும் காலையில் அளந்து எழுதச் சொன்னார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபின் 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வரப்போகும் ஆபத்தை, பரிசோதனையின்போது எடுத்த அளவை விட வீட்டில் எடுத்த அளவுகளே நன்றாகக் காட்டின. பரிசோதனையின்போது அளந்த எண்ணை விட, ஊர்மக்கள் தங்கள் வீட்டில் அளந்த எண்கள் உண்மைக்குக் கிட்ட இருந்தன என்பது எமக்கும் தைரியம் தரும் செய்தி அல்லவா?

2020இல் ஊரடங்குச் சட்டம் போடப்பட்ட நாட்களில் கிளினிக் மருந்துகள் தபாலிலும் வீடுகளுக்கு வந்தன. குளிசை வந்தது, ஆனால் பிறஷர் எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டுக் கருவியின் பெறுமதியைப் பல குடும்பங்கள் அப்போதுதான் உணர்ந்தன.

கருவி எப்படி அளக்கிறது?

கையிற் கட்டும் பட்டி காற்றால் ஊதி நாடியை நெரிக்கிறது. பின் காற்று மெல்ல இறங்கும்போது குருதி மீண்டும் பாயத் தொடங்குகிறது. அப்போது நாடியில் உண்டாகும் சிறிய அதிர்வுகளைக் கருவி உணர்ந்து, கணக்குப் போட்டு இரண்டு எண்களைக் காட்டுகிறது. மேல் எண் இருதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கம். கீழ் எண் இருதயம் தளரும்போது உள்ள அமுக்கம். மூன்றாவது எண் நாடித்துடிப்பு. கருவி அதிர்வைக் கொண்டே அளப்பதால் கையை ஆட்டினால், கதைத்தால், சிரித்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மேற்கையிற் கட்டும் கருவியே நல்லது. மணிக்கட்டிற் கட்டுபவை எளிதாகப் பிழை காட்டும். பட்டியின் அளவு மிக முக்கியம். தையல் நாடாவினால் மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்து பாருங்கள். பல கருவிகளோடு வரும் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்கே பொருந்தும். பருத்த கையில் சிறிய பட்டியைக் கட்டினால் இல்லாத பிறஷர் இருப்பதுபோலக் காட்டும். அப்படியானவர்கள் பெரிய பட்டி கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு விடயம். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற். எமது மின்சாரம் 230 வோல்ற். அங்கிருந்து வந்த அடப்ரரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இங்கே செருகினால் கருவி எரிந்துவிடும். பற்றரியில் இயக்குவதே பாதுகாப்பு. நீண்ட நாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். வருடத்திற்கு ஒரு தடவை கருவியைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோய், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பார்க்கும் முறை

1. அளப்பதற்கு முன் அரை மணித்தியாலம் தேநீர், கோப்பி, புகைத்தல், தோட்ட வேலை எதுவும் வேண்டாம். கிணற்றடியில் தண்ணீர் அள்ளிவிட்டு வந்து உடனே கட்டக்கூடாது.
2. சிறுநீர் கழித்துவிட்டு வந்து இருங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் எண் கூடும்.
3. முதுகு சாயக்கூடிய கதிரையில் இருங்கள். பாதம் இரண்டும் நிலத்திற் பட வேண்டும். காலுக்கு மேல் கால் போடக்கூடாது.
4. ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ரீவி வேண்டாம், ரெலிபோன் வேண்டாம்.
5. கையை மேசையில் வையுங்கள். பட்டி இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கையை மடியில் வைத்தபோது மேல் எண் ஏறத்தாழ 4 கூடியது. கையைத் தொங்கவிட்டபோது 6இற்கு மேல் கூடியது.
6. சட்டைக் கைக்கு மேலே கட்டாமல் வெறுங்கையில், முழங்கை மடிப்பிற்கு இரண்டு விரலளவு மேலே கட்டுங்கள். இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி நெரிய விடுவதும் கூடாது.
7. முதல் நாளில் இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் எண் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பாருங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காக நாளம் பொருத்திய கையில் ஒருபோதும் கட்ட வேண்டாம்.
8. ஒரு தடவை பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுதடவை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

கொப்பிதான் முக்கியம்

கருவி வாங்கும் பலர் கொப்பி வாங்குவதில்லை. எனது அனுபவத்தில் இரண்டில் முக்கியமானது கொப்பிதான். ஒரு தனி எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. அமுக்கம் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே கிளினிக் நாளுக்கு முன் ஏழு நாட்கள் காலையில் இரண்டு தடவையும் மாலையில் இரண்டு தடவையும் பாருங்கள். காலையில் சாப்பாட்டிற்கும் குளிசைக்கும் முன்னர் பார்க்க வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள். மிச்சம் ஆறு நாட்களுக்கு 24 எண்கள் இருக்கும். கூட்டி 24ஆல் பிரித்தால் சராசரி வரும்.

எங்கள் மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சென்ற வருடம் கிளினிக்கில் அவருக்கு 158/88 காட்டியது. குளிசையைக் கூட்ட வேண்டி வரலாம் என்றார் வைத்தியர். "வீட்டிலை இப்பிடி இல்லைப் பிள்ளை, அங்கை போனாத்தான் நெஞ்சு படபடக்குது" என்று மாமி என்னிடம் சொன்னார். வைத்தியரின் அனுமதியோடு ஒரு கிழமை எழுதினோம். மேல் எண்கள் 24இன் கூட்டுத்தொகை 3144, சராசரி 131. கீழ் எண்களின் சராசரி 78. கொப்பியைப் பார்த்த வைத்தியர் குளிசையைக் கூட்டவில்லை. தேவையில்லாமற் கூட்டியிருந்தால், இரவில் எழும்பும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறிக்கும் வயது அது.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அமுக்கம் என்று பெரும்பாலான மருத்துவ வழிகாட்டிகள் கொள்கின்றன. கிளினிக்கில் 140/90 என்பதற்கு இது சமம். உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வயதையும் சலரோகம், சிறுநீரக நோய் போன்றவற்றையும் பார்த்து வைத்தியரே சொல்வார்.

எண்ணோடு சில குறிப்புகளையும் எழுதுங்கள். முழங்கால் நோவுக்குப் பாமசியில் நோக்குளிசை வாங்கிப் போட்டீர்களா? குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கிறீர்களா? இவற்றிற் சில அமுக்கத்தைக் கூட்டும். முதல்நாள் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்று உப்பு கூடியதா? கந்தசஷ்டி, கேதாரகௌரி விரத நாட்களா? விரதம் பிடிப்பவர்கள் குளிசையைத் தாங்களாக விட்டுவிடாமல், எப்போது எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

கிழமை முடிந்ததும் கருவியை உள்ளே வையுங்கள். பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியிற் பார்த்தாற் போதும். பயந்து பயந்து அடிக்கடி பார்த்தால் அந்தப் பயமே எண்ணைக் கூட்டும்.

செய்யக்கூடாத ஒன்று

எண் நன்றாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தக்கூடாது. குளிசை வேலை செய்வதால்தான் எண் நன்றாக இருக்கிறது. அதேபோல எண் கூடிவிட்டது என்று ஒரு குளிசையை இரண்டாக்கவோ பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடவோ கூடாது. அளப்பது எமது வேலை, மருந்தை மாற்றுவது வைத்தியரின் வேலை.

எண் 180/120 அல்லது அதற்கு மேற் காட்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். அதோடு நெஞ்சு நோ, மூச்சுமுட்டல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோருதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 2018 முதல் வடமாகாணத்திலும் இயங்கும் இச்சேவை இலவசம். இந்த அறிகுறிகள் தோன்றினால், எண் எவ்வளவாக இருந்தாலும் கருவியோடு மினைக்கெடாமல் அழைக்க வேண்டும்.

எமது கையையும் நீட்டுவோம்

வீட்டில் கருவி இருந்தால் அதைக் கட்டிவிடுபவர் பெண். கணவருக்குப் பார்ப்போம், மாமிக்குப் பார்ப்போம், வந்த விருந்தாளிக்கும் பார்ப்போம். தனக்குப் பார்க்கும் பெண்கள் மிகக் குறைவு. எங்கள் பகுதியில் ஓர் அக்கா இரண்டு வருடமாகத் தகப்பனுக்கு ஒழுங்காகப் பார்த்து எழுதி வந்தார். ஒருநாள் நான் "அக்கா, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் ஓடியாடித் திரியிறன்தானே" என்றார். வற்புறுத்திப் பார்க்கவைத்தபோது ஒரு கிழமைச் சராசரி 152/96. வயது நாற்பத்தாறு. மூத்த மகளை வயிற்றிற் சுமந்த காலத்திலேயே தனக்குப் பிறஷர் இருந்ததாகப் பிறகுதான் சொன்னார். கர்ப்பகாலத்தில் பிறஷர் வந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் அமுக்கமும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதல். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அமுக்கம் ஏறுவதும் சாதாரணம். அக்கா இப்போது ஒழுங்காகக் கிளினிக் போகிறார்.

கர்ப்பிணிகள் 140/90ஐக் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். கடும் தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்று நோ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கருவி இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு அரச சுகவனிதையர் கிளினிக்குகளில் பிறஷர் இலவசமாகப் பார்க்கிறார்கள். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பிறஷர் பார்த்து, அறிவுரை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பிய பகுதிகளில், இரண்டு வருடத்தில் மேல் எண் மற்றப் பகுதிகளை விட ஏறத்தாழ 5 கூடுதலாகக் குறைந்தது. ஐந்து பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் ஊர் முழுவதற்கும் ஐந்து குறைந்தால், பாரிசவாதத்தால் படுக்கையில் விழுபவர்களும் குறைவார்கள். நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி, முறைவைத்துப் பார்த்து எழுதினாலும் அது நல்ல தொடக்கம்தான்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் எழுதாத தாள்கள் மிஞ்சியிருக்கும். அதை எடுத்துக் கோடு போடுங்கள். திகதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடி, குறிப்பு என்று ஆறு நிரல்கள் போதும். வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். முதலாவது பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.