மூக்குக்கண்ணாடி ஏன் மங்குகிறது?

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் மோட்டார் சைக்கிள்களில் வரிசையாகப் போவார்கள். அவர்களுள் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களைக் கவனியுங்கள். வண்டி ஓடும்வரை தொல்லை அதிகமில்லை. சிக்னலில் நின்றதும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கண்ணாடி பால் பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். இன்னொருவர் ஹெல்மெட்டையே கழற்றிப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொள்கிறார்.

இது சிறிய விஷயமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. கண்ணாடி மூன்று நொடி மங்கியிருந்தால், 33 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்! இவ்வட்டாரத்தின் வழியாகச் செல்வதோ லாரிகள் ஓயாது ஓடும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை.

சரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டால்? அவருடைய கண்ணாடியின் திறன் மைனஸ் 3 டயாப்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெளிவாகத் தெரியும் மிகத் தொலைவான இடம் ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சென்டிமீட்டர்தான். அதற்கு அப்பால் எல்லாம் கலங்கலே. ஹெல்மெட்டைக் கழற்றுவதோ இவை எல்லாவற்றையும்விட ஆபத்து.

எதையும் கழற்றாமல் தெளிவாகப் பார்க்க வழி உண்டா? உண்டு. அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

நீர் எங்கிருந்து வந்தது?

கண்ணாடியை மங்கச் செய்வது புகையும் அன்று, தூசியும் அன்று, நீர். அந்த நீர் நம் மூச்சிலிருந்து வருகிறது. நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 34 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் இருக்கும். அது நீராவியால் கிட்டத்தட்டத் தெவிட்டிய நிலையில் இருக்கும். அவ்வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 38 கிராம் நீராவியைத் தாங்கும்.

நாம் ஒரு தடவை விடும் மூச்சு சுமார் அரை லிட்டர். நிமிடத்திற்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்றால், 20 நிமிடப் பயணத்தில் 150 லிட்டர் காற்றை வெளிவிடுகிறோம். அதில் உள்ள நீர் ஐந்தரை கிராமுக்கு மேல். அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகமான நீரை ஹெல்மெட்டுக்குள் ஊதுகிறோம்! அதில் மிகச் சிறிய பங்கு கண்ணாடியில் படிந்தாலே போதும்.

ஏன் படிகிறது? குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க இயலாது. 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது சுமார் 15 கிராம் மட்டுமே. விடியற்காலைக் குளிரில் கண்ணாடி அந்த வெப்பநிலையில் இருக்கிறது. மூச்சுக்காற்று அதைத் தொட்டுக் குளிரும்போது, தாங்க முடியாத மீதி நீராவி திவலைகளாகப் படிகிறது. எந்த வெப்பநிலையில் இவ்வாறு படியத் தொடங்குகிறதோ அதைப் 'பனிநிலை' என்கிறோம். காலையில் புல்நுனியில் பனி படிவதும் இதே விதிப்படிதான்.

வேலூரில் சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டும்போது இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். அப்போது கண்ணாடியே மூச்சின் பனிநிலையைவிடச் சூடாக இருக்கிறது. மழைக்காலத்திலோ நிலைமை நேர்மாறு. வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், படிந்த நீர் எளிதில் ஆவியாகாது.

மற்றொரு கேள்வி. நீர் நிறமற்றதாயிற்றே, கண்ணாடி ஏன் வெண்மையாகத் தெரிகிறது? படிவது ஒரே படலமாக அல்ல, எண்ணற்ற நுண்திவலைகளாக. ஒவ்வொரு திவலையும் ஒரு குட்டி லென்ஸ்போல ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கிறது. மேகம் வெண்மையாகத் தெரிவதும் இதனால்தான்.

மூன்று வழிகள்

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரமும் தெரிந்துவிடும். வழிகள் மூன்று.

முதலாவது, மூச்சு கண்ணாடியை அடையாமல் தடுத்தல். சில ஹெல்மெட்டுகளில் மூக்கின்மேல் பொருந்தும் ஒரு தடுப்பு இருக்கும். அது மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். முகவாய்ப் பகுதியில் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்து வைப்பதும், வண்டி நிற்கும்போது முன்னால் உள்ள வைசரை ஒரு விரற்கடை உயர்த்துவதும் ஈரக்காற்றை வெளியேற்றும். தூசிக்காகவும் தோல் வாடைக்காகவும் வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டிக்கொள்கிறோமே, அது மூச்சை மேல்நோக்கித் தள்ளுகிறது. நேராகக் கண்ணாடிக்கே! 2020-இல் கொரோனாவுக்காக முகக்கவசம் அணிந்தபோது கண்ணாடிக்காரர் அனைவரும் இதை அனுபவித்தனர். முகக்கவசத்தின் மேல்விளிம்பு மூக்கோடு ஒட்டியிருந்தால் தொல்லை குறையும்.

உங்கள் ஊர்த் தோலிலும் இந்தப் பாடம் இருக்கிறது. தோல் என்பது நுண்ணிய இழைகளின் பின்னல். அதன் இடைவெளிகள் வழியே பாதத்தின் வியர்வை ஆவி வெளியேறிவிடும். ரெக்ஸின் காலணியில் அது அடைபட்டு, காலுறை நனைந்துவிடும். ஹெல்மெட்டின் வைசரும் ரெக்ஸின் போன்றதே, ஆவிக்கு வழிவிடாது. அதனால்தான் துளைகள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது வழி, பார்க்கும் பரப்பைப் பனிநிலைக்கு மேல் சூடாக வைத்திருத்தல். காஷ்மீரத்துக் குல்மார்க்கில் உறைபனியின்மேல் ஓடும் மோட்டார் வண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் செல்கிறார்கள். அத்தகைய குளிரில் கண்ணாடியில் படியும் ஈரம் அங்கேயே பனிக்கட்டியாக உறைந்துவிடும். துடைத்தாலும் எளிதில் போகாது. ஆகவே பனிவண்டி ஓட்டுவோருக்கென்று இரட்டைத் தகடு வைசர்கள் செய்கிறார்கள். இரு தகடுகளுக்கும் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே உட்தகடு முகத்தின் வெப்பத்தால் சூடாகவே இருக்கும். மின்சாரத்தால் சூடேற்றும் வைசர்களும் உண்டு.

மூன்றாவது வழி செலவில்லாதது: சோப்பு. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இவ்விசையே நீரை உருண்டைத் திவலைகளாக்குகிறது. சோப்பு கலந்தால் இவ்விசை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்போது படியும் நீர் உருண்டையாகாமல் மெல்லிய படலமாகப் பரவும். படலம் ஒளியைச் சிதறடிக்காது. பார்வை தெளிவாக இருக்கும். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்காக இந்த முறையை இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் இதழ் 2011-இல் வெளியிட்டது.

மென்மையான சோப்பு நீரில் கண்ணாடியைக் கழுவி, நீரை உதறிவிட்டு, தானாக உலர விடுங்கள். அல்லது மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பலன் நிரந்தரமன்று, அவ்வப்போது மீண்டும் செய்ய வேண்டும். பற்பசை வேண்டாம்; லென்ஸைக் கீறிவிடும். பிளாஸ்டிக் வைசரைப் பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்கவே கூடாது. சிறப்புப் பூச்சு உள்ள கண்ணாடியானால் கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்வெளியிலும் இதே தொல்லை

1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9 கலத்திலிருந்து அமெரிக்க வீரர் யூஜின் செர்னன் வெளியே வந்து விண்ணில் மிதந்தார். வேலை கடினமாக இருந்தது. வியர்வையும் மூச்சும் உடைக்குள் ஈரத்தை நிறைத்தன. தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி மங்கிவிட்டது. கையை உள்ளே விட்டுத் துடைக்க இயலுமா? மூக்கால் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கிப் பார்த்தார். முதுகில் கட்டிப் பறக்கும் கருவியைச் சோதிக்கும் முக்கியப் பணி கைவிடப்பட்டது. பின்னர்ச் சென்ற ஜெமினி வீரர்கள் வெளியே செல்லுமுன் முகக்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கல் தடுக்கும் கரைசலைத் தடவிக்கொண்டனர். சோப்பின் தத்துவமேதான்!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி ஒரு வெப்பமானியை வையுங்கள். பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் முதலில் மங்கும் கணத்தில் வெப்பமானி காட்டுவதே ஏறத்தாழ அன்றைய பனிநிலை. மழை நாளிலும் வெயில் நாளிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியின் பாதியில் மட்டும் சோப்பு நீர் தடவி உலரவிட்டு, அதன்மேல் மூச்சை ஊதுங்கள். எந்தப் பாதியில் உங்கள் முகம் தெரிகிறது? விடையைக் கண்டதும் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அப்பாவையோ அண்ணனையோ அழைத்துக் காட்டுங்கள். நாளைக் காலை அவர் ஹெல்மெட்டையும் கழற்றமாட்டார், கண்ணாடியையும் கழற்றமாட்டார்.