தவாலீயும் தவாஸீயும்: மின்னோட்டத்தின் இருவகை வழிகள்

அரபு மொழியின் இயற்பியல் பாடநூல்கள் மின்னோட்டத்தைத் 'தய்யார்' என வழங்குகின்றன. ஓடும் நீரின் போக்கைக் குறிக்கும் சொல் அது. தொடரிணைப்புக்குத் 'தவாலீ' என்றும், பக்க இணைப்புக்குத் 'தவாஸீ' என்றும் அவை பெயரிடுகின்றன. வுளூவில் உறுப்புகளை இடைவெளியின்றிக் கழுவுவதைச் சுட்டும் 'முவாலாத்' என்னும் ஃபிக்ஹுச் சொல்லும் தவாலீயின் வேரிலிருந்து பிறந்ததே. எனவே, இப்பாடம் மதரஸா மாணவர்க்கு அந்நியமானதன்று.

ரபீஉல் அவ்வலில் மினாராவைச் சுற்றித் தொங்கவிடப்படும் பழைய சீரியல் விளக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட் தாங்குமெனில், 230 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ள ஏறக்குறைய 38 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாக வேண்டும். முதற்பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியை உண்டுவிட, மிச்சமே அடுத்ததற்குச் செல்கிறது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தொடரிணைப்பில் எல்லாப் பல்புகளிலும் ஓடுவது ஒரே அளவு மின்னோட்டமே, பங்கிடப்படுவது மின்னழுத்தம். ஒரு பல்பின் இழை அறுந்தால் சரம் முழுதும் இருண்டுவிடும். அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் விடுபட்டால் இஸ்னாது 'முன்கதிஃ' ஆகிவிடுவதை ஹதீஸ் மாணவர்கள் இங்கு நினைவுகூரலாம். உவமை அவ்வளவில் நிற்கட்டும். செம்புக் கம்பிக்கு நேர்மை பற்றிய விசாரணை இல்லை.

பள்ளிவாசலுக்குள் விசிறிகளும் விளக்குகளும் இணைக்கப்பட்டிருப்பது தவாஸீ முறையில். ஒவ்வொன்றும் முழு 230 வோல்ட்டைப் பெறுகிறது. ஒன்று நின்றாலும் மற்றவை இயங்குகின்றன. ஆனால் ஃபியூஸும் சுவிட்சும் மட்டும் தொடரிணைப்பிலேயே அமைந்திருக்கும். முழுப் பாதையையும் துண்டிப்பதே அவற்றின் வேலை.

பக்க இணைப்பில் கருவிகள் பெருகப் பெருக மொத்த மின்தடை குறைகிறது. நுழைவாயில்கள் அதிகரித்தால் நெரிசல் குறைவது போன்றது இது. விளைவாக, மூலக்கம்பியில் மின்னோட்டம் கூடுகிறது. விடுதி அறையில் 1500 வாட் வெந்நீர்க் கருவி சுமார் 6.5 ஆம்பியரையும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியரையும் இழுக்கும். இரண்டையும் 6 ஆம்பியர் பலகை ஒன்றில் செருகினால் கம்பி சூடேறி உறை உருகத் தொடங்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்போர் காவலாளியைக் கட்டிப்போடுகின்றனர்.

மின்சாரம் குறைந்த தடையுள்ள வழியில் மட்டுமே செல்லும் என்பது நம்மிடையே வேரூன்றிய மற்றொரு பிழை. திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் அது செல்லும். தடை குறைந்த வழியில் அதிகமாகவும், மிகுந்த வழியில் குறைவாகவும் செல்லும். ஹவுளுக்கு நீரிறைக்கும் மோட்டாரில் காப்பு பழுதுபட்டு அதன் உலோகக் கூட்டில் மின்சாரம் ஏறியதாகக் கொள்வோம். எர்த் கம்பி நன்றாக இருந்தால் பெருமளவு மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் உடனே அறுபடும். எர்த் இணைப்பு துருவேறி 500 ஓம் தடை பெற்றுவிட்டாலோ, அதில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஃபியூஸ் அசையாது. ஈரக் கையுடன் கூட்டைத் தொடுபவர் அந்தக் கம்பிக்குப் பக்க இணைப்பாகிவிடுகிறார். நனைந்த உடலின் தடையை 1000 ஓம் எனக் கொண்டால் அவர் உடலில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். உயிரைப் பறிக்க இதிற் குறைந்ததே போதும்.

போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் அளவுக்குள் வேறுபாடு தோன்றியதுமே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. மினாரா அலங்காரத்துக்குச் செலவிடும் நிர்வாகங்கள் ஹவுள் மோட்டாருக்கு முதலில் இதைப் பொருத்த வேண்டும் என்பது நம் கருத்து. அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதை முஅத்தினிடம் ஒப்படைக்கலாம். எர்த் கம்பியின் தடையை அளக்க மின்பணியாளரை அழைக்க வேண்டும்.