மொய் நோட்டும் ஒரு வாத்தும்

பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: “ஐந்து வருடக் கொள்முதல் விவரம் ஒரே சிஎஸ்வி கோப்பாக வந்திருக்கிறது. எக்செலில் திறந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தெரிகிறது. மீதியை எப்படிப் பார்ப்பது?”

அவர் சங்கத்தில் 500 உறுப்பினர்கள். காலை, மாலை என இரண்டு வேளை ஊற்றினால் ஐந்து வருடத்துக்கு 18 லட்சம் வரி தாண்டிவிடும். எக்செல் தாளில் 10,48,576 வரிக்கு மேல் இடமில்லை. கோப்பு முழுவதும் ஏறவில்லை என்று அது ஓர் எச்சரிக்கை காட்டும். நாம் ஓகே அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் கவனித்துக் கேட்டதே பெரிய விஷயம். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிதான் கொள்ளும். 15,841 தொற்றாளர்கள் பட்டியலில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குப் பிந்தியது.

நான் சொல்லப்போகும் கருவியின் பெயர் டக்டிபி. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பைத்தான் மொழி பிறந்ததும் அங்கேதான். அங்கே மார்க் ராஸ்வெல்ட், ஹானஸ் மூலைசன் இருவரும் டக்டிபியை எழுதி 2019-இல் வெளியிட்டார்கள். 2024 ஜூனில் 1.0 பதிப்பு வந்தது. காசு கிடையாது, நிரல் திறந்தே கிடக்கிறது. மூலைசன் வில்பர் என்றொரு வாத்து வளர்த்தார். பெயர் அதிலிருந்து வந்தது. பதிப்புகளுக்கும் வாத்தினங்களின் பெயரையே வைக்கிறார்கள்.

சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். இறக்கிக்கொண்டு, கோப்பின் பெயரைச் சொல்லி எஸ்க்யூஎல் மொழியில் கேட்டால் பதில் வரும். அந்த மொழி தெரியாதவர்கள் ஒரு வாரம் மெனக்கெட்டால் போதும்; அதை இங்கே விளக்கப்போவதில்லை.

அதன் வேகத்துக்குக் காரணத்தை எங்கள் அக்கா கல்யாணத்து மொய் நோட்டில் பார்த்திருக்கிறேன். பெயர், ஊர், தொகை என மூன்று நெடுவரிசை. பந்தி முடிந்ததும் பெரிய மாமா கூட்டிப் பார்க்க உட்கார்ந்தார். பெயரையும் ஊரையும் அவர் படிக்கவே இல்லை. விரல் தொகை வரிசையில் மட்டும் மேலிருந்து கீழே இறங்கியது. டக்டிபியும் இப்படித்தான். ஒவ்வொரு வரியாகக் கையில் எடுக்காமல், ஒரே நெடுவரிசையின் மதிப்புகளை 2,048 கொண்ட கட்டுகளாக எடுத்துக் கூட்டுகிறது. நெடுவரிசை நெடுவரிசையாகவே சேமிக்கும் பார்க்கே வடிவக் கோப்பாக இருந்தால் மற்ற நெடுவரிசைகளை வட்டிலிருந்து எடுப்பதுகூட இல்லை. சிஎஸ்வியில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல, அதன் மோப்பம். சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் குவியல். எது எண், எது தேதி என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. டக்டிபி முதலில் காற்புள்ளி, அரைப்புள்ளி, டேப், நெடுங்கோடு என ஒவ்வொன்றாக வைத்து வெட்டிப் பார்க்கிறது. எதனால் வெட்டினால் எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கையில் துண்டுகள் விழுகின்றனவோ, அதுதான் பிரிப்பான். பிறகு ஒவ்வொரு நெடுவரிசையும் தேதியா, முழு எண்ணா, பின்னமா என்று பார்த்து, எதுவும் பொருந்தாவிட்டால் எழுத்து என்று விட்டுவிடுகிறது. கீழே எல்லாம் எண்ணாக இருக்க, முதல் வரியில் மட்டும் ‘லிட்டர்’ என்று இருந்தால், அதைத் தலைப்பு என்று புரிந்துகொள்கிறது.

இதற்காக அது வழக்கமாகப் பார்ப்பது 20,480 வரிகள். நம்முடைய ஒரு சோற்றுப் பதத்தைவிடத் தாராளம்தான். ஆனால் 20,481-ஆவது வரியில் லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மிஷின் ரிப்பேர்’ என்று யாராவது அடித்துவைத்திருந்தால்?

மாமாவுக்கும் அது நேர்ந்தது. மூன்றாம் பக்கத்தில், தொகை வரிசையில் ‘பித்தளை அண்டா 1’ என்று இருந்தது. அவர் விரலை எடுக்காமல் நிமிர்ந்து, “இதை எதுலடா சேக்கிறது?” என்று கேட்டார். டக்டிபியும் நின்றுவிடும். இத்தனையாவது வரி, இந்த நெடுவரிசை, இது எண் அல்ல என்று சொல்லி, அந்த வரியையே எடுத்துக் காட்டி, என்ன செய்யலாம் என்றும் யோசனை சொல்லும். இவ்வளவு மரியாதையாகப் பேசும் பிழைச்செய்தி மென்பொருளில் அபூர்வம்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். பிழையுள்ள வரிகளை விட்டுவிட்டுப் போ என்று சொல்ல ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் செய்தி மறைந்துவிடும், கூட்டுத்தொகை வந்துவிடும், அண்டா காணாமல் போய்விடும். பால் கணக்கில் அது யாரோ ஒருவரின் ஒரு வேளைக் காசு. விட்ட வரிகளைத் தனி அட்டவணையில் எழுதிவைக்கும் வசதியையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் போடுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மோப்பத்தை முழுசாக நம்புவதும் ஆபத்து. உறுப்பினர் எண் 0042 என்றிருப்பதை எண் என்று எடுத்துக்கொண்டால் 42 ஆகிவிடும். அந்த நெடுவரிசை எழுத்து என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

வாசகருக்கு: கூட்டல் கழித்தலுக்கு முன்னால் ‘சம்மரைஸ்’ என்ற கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, எத்தனை சதவீதம் காலி என்று ஒரே அட்டவணையில் வந்துவிடும். கொழுப்பு நெடுவரிசையில் அதிகபட்சம் 38 என்று வந்தால் பதற வேண்டாம். எருமைப் பாலிலும் அவ்வளவு வராது. யாரோ 3.8-இல் புள்ளி வைக்க மறந்திருக்கிறார்கள். அந்த வரியைத் தேடிப் பிடித்து, அன்றைய ரசீதோடு ஒப்பிட்டுத் திருத்திவிட்டு மேலே போங்கள்.