பழைய மின்வில், புதிய எல்இடி: மேடைக்கு எது நல்லது?

அடுத்த முறை கலை நிகழ்ச்சிக்குப் போகும்போது ஒரு நிமிடம் மேடையை விட்டுவிட்டு, அதன் மேலே உள்ள இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். அங்கே தலைகீழாகத் தொங்கும் சில விளக்குகள் கழுத்தைத் திருப்பும், குனியும், நிமிரும், கண் இமைக்கும் நேரத்தில் நிறம் மாறும். இவற்றுக்கு மூவிங் ஹெட் என்று பெயர். நாம் இவற்றைத் தலை சுழலும் விளக்கு என்று சொல்லலாம்.

இவ்வகை விளக்கு முதலில் பெயர் பெற்றது 1981-இல். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த ஷோகோ நிறுவனத்தார் உருவாக்கிய வேரி-லைட் விளக்குகளை ஜெனிசிஸ் என்ற இசைக்குழு தன் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துச் சென்றது. அன்று முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிய மேடைகளில் இவ்விளக்குகளின் உள்ளே ஒளி தந்தது பெரும்பாலும் மின்வில் விளக்கே. இப்போது அந்த இடத்தை எல்இடி பிடித்துக்கொண்டு வருகிறது.

“எல்இடி புதியது, ஆகவே எல்லாவற்றிலும் சிறந்தது” என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒப்பிட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

இரண்டு விளக்குகள், நான்கு எண்கள்

டென்மார்க்கில் தொடங்கப்பட்ட மார்ட்டின் நிறுவனத்தின் இரு விளக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2011-இல் அறிமுகமான மேக் வைப்பர் புரொஃபைல். இதில் இருப்பது 1,000 வாட் மின்வில் விளக்கு. முன்கண்ணாடி வழியே வெளிவரும் ஒளி ஏறத்தாழ 26,000 லூமன். மற்றொன்று 2020-இல் வந்த மேக் அல்ட்ரா பெர்ஃபாமன்ஸ். இதில் 1,150 வாட் எல்இடி தொகுதி உள்ளது. வெளிவரும் ஒளி ஏறத்தாழ 46,500 லூமன்.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறன். லூமன் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவு. லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். பழையதற்கு ஒரு வாட்டுக்கு 26 லூமன் கிடைக்கிறது. புதியதற்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 40 லூமன்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? முழு வெளிச்சத்தில் எரியும்போது புதிய எல்இடி விளக்கு பழையதைவிட அதிக மின்சாரத்தை உண்கிறது! எல்இடி என்றாலே மின்கட்டணம் குறையும் என்ற நம்பிக்கை இங்கே சற்றுத் தடுமாறுகிறது. ஆனால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி கூடியிருக்கிறது. பழைய விளக்கு தந்த அதே 26,000 லூமன் போதும் என்றால், புதிய விளக்குக்கு ஏறத்தாழ 643 வாட் போதும்.

மூன்றில் இரண்டு பங்கு ஒளி எங்கே போனது?

மின்வில் விளக்கு என்பது தடித்த குவார்ட்சுக் குமிழ். அதற்குள் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும். குமிழுக்குள் சிறிதளவு பாதரசமும் சில உலோக உப்புகளும் இருக்கும். மின்முனைகளுக்கிடையே உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் பொறி பாயும். பிறகு அது நிலையான மின்வில்லாக எரியும். ஒரு குட்டி மின்னலைப் பிடித்து அடைத்து வைத்தது போல.

இத்தகைய விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 80 லூமன் தரக்கூடியது. அப்படியானால் 1,000 வாட் விளக்கிலிருந்து 80,000 லூமன் பிறந்திருக்க வேண்டும். வெளியே வந்ததோ 26,000. மூன்றில் ஒரு பங்குதான்!

காரணம், மின்வில் எல்லாத் திசைகளிலும் ஒளி வீசுகிறது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சிதறும் ஒளியை ஒரு வளைந்த ஆடி திரட்டி, சிறிய துளை வழியே முன்னோக்கி அனுப்ப வேண்டும். ஆடியில் பட்டும் துளையின் விளிம்பில் மோதியும் வில்லைகளைக் கடந்தும் ஒளி தேய்ந்துகொண்டே வருகிறது.

எல்இடி சில்லு தட்டையானது. அதன் ஒளி முன்பக்கமாக மட்டுமே வெளிவரும். பல சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கமாக அடுக்கி, அவற்றின் முன்னே சிறு வில்லைகளை வைத்து ஒளியைக் குவிக்கிறார்கள். பின்பக்கம் போன ஒளியைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை இல்லை.

ஆனால் மின்வில்லுக்கும் ஒரு பெருமை உண்டு. அதன் ஒளி சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியிலிருந்து பிறக்கிறது. எல்இடி தொகுதியோ அதைவிட அகலமானது. ஒளி பிறக்கும் இடம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு மெல்லிய கற்றையை உண்டாக்கலாம். வானத்தைக் குத்துவது போன்ற ஊசிக் கற்றை வேண்டுமென்றால் மின்வில் விளக்கை இன்றும் விரும்புவோர் உண்டு. இதே தேவைக்காக இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் எல்இடியையும் விட்டுவிட்டு, லேசரை ஒளிமூலமாகக் கொண்ட விளக்கை 2019-இல் அறிமுகப்படுத்தியது.

அணைக்க முடியாத விளக்கு

மின்வில் விளக்கை ஏற்றியவுடன் முழு வெளிச்சம் வராது. உள்ளே உள்ள உப்புகள் ஆவியாகிச் சூடேறச் சிறிது நேரம் வேண்டும். அணைத்தாலோ சிக்கல் இன்னும் பெரிது. சூடான குமிழுக்குள் பாதரச ஆவியின் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். அந்த நெரிசலில் புதிய பொறி எளிதில் பாயாது. குமிழ் குளிரும்வரை பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது யாரால் காத்திருக்க முடியும்?

எனவே நிகழ்ச்சி தொடங்கும் முன் ஏற்றிய விளக்கு, நிகழ்ச்சி முடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். மேடை இருளும்போது விளக்கு அணைவதில்லை. அதன் முன்னே ஓர் உலோகக் கதவு மூடிக்கொள்கிறது. வெளிச்சத்தைக் குறைப்பதும் இந்தக் கதவின் வேலையே. வெளியே இருட்டு, உள்ளே முழுச் செலவு!

எல்இடியை நினைத்த நொடியில் ஏற்றலாம், அணைக்கலாம். பாதி வெளிச்சம் கேட்டால் ஏறத்தாழ பாதி மின்சாரம்தான் எடுக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒத்திகையும் நிகழ்ச்சியும் சேர்ந்து 6 மணி நேரம் என்று கொள்வோம். அதில் 2 மணி நேரம் மட்டுமே ஒரு விளக்கின் ஒளி மேடையில் விழுகிறது. பழைய விளக்கு 6 மணி நேரமும் எரிவதால் 1,000 வாட் × 6 மணி, அதாவது 6 கிலோவாட் மணி. அதே ஒளியைத் தரும் எல்இடிக்கு 643 வாட் × 2 மணி, அதாவது ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி. விசிறி, மோட்டார் ஆகியவற்றின் செலவை இதில் சேர்க்கவில்லை. ஆக, மிச்சத்தில் பெரும்பங்கு ‘அணைக்க முடிகிறது’ என்ற ஒரே குணத்தால் வருகிறது.

வெப்பம் போகும் வழி

மின்வில் விளக்கின் குமிழ் பல நூறு டிகிரிச் சூட்டில் வேலை செய்யவே பிறந்தது. அதன் வெப்பத்தில் கணிசமான பகுதி அகச்சிவப்புக் கதிராக ஒளியோடு சேர்ந்தே பயணம் செய்யும். அதைத் தடுக்கச் சிறப்புக் கண்ணாடிகள் தேவைப்பட்டன. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதலான புறஊதாக் கதிரையும் அடைத்து வைக்க வேண்டியிருந்தது.

வெள்ளை எல்இடியின் கற்றையில் இந்த இரண்டும் மிகக் குறைவு. ஆனால் வெப்பம் மறைந்துவிடவில்லை. அது சில்லுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது. சில்லு அதிகம் சூடானால் வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். எனவே வெப்பத்தை உலோகக் குழாய்களால் கடத்தி, மெல்லிய தகடுகளில் பரப்பி, விசிறியால் ஊதி வெளியேற்றுகிறார்கள். வீணை இசைக்கும் அமைதியான அரங்கில் அந்த விசிறியின் இரைச்சல் கேட்காமல் பார்த்துக்கொள்வது பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி.

ஆயுளிலும் இருவேறு வழிகள். 1,000 வாட் மின்வில் குமிழ் ஏறத்தாழ 750 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 125 நாள். பிறகு புதுக்குமிழ் போட்டால் பழைய பொலிவு திரும்பிவிடும். கழற்றிய குமிழில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பைத்தொட்டியில் வீசக் கூடாது. எல்இடி பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். ஆனால் அது பட்டென்று அணைவதில்லை. மெல்ல மெல்ல மங்கும். தொடக்க வெளிச்சத்தில் 70 விழுக்காடாகக் குறையும் காலத்தையே பெரும்பாலும் அதன் ஆயுள் என்று குறிப்பிடுவார்கள். அதன் பிறகு ஒரு குமிழை மாற்றுவதுபோல் முடியாது. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

அரக்குப் பட்டு ஏன் மங்குகிறது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பரதநாட்டிய மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்தியிருக்கிறார். விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆனால் பட்டு மங்கலாக, சற்றே பழுப்பாகத் தெரிகிறது. என்ன நடந்தது?

வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல எல்இடி. ஜப்பானில் பிறந்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவர் நீல எல்இடியை உருவாக்கியதற்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலச் சில்லின்மேல் பாஸ்பர் என்ற பொருளைப் பூசினால், அது நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்.

இந்த வெள்ளையின் நிறமாலையில் நீலம் கூரிய சிகரமாக எழும். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே ஒரு பள்ளம் விழும். மஞ்சள் அகன்ற குன்றாக நிற்கும். ஆழ்சிவப்புப் பகுதியில் ஒளி தேய்ந்துவிடும். சிவப்புப் பட்டு சிவப்பாகத் தெரிய, அது திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு ஒளி வேண்டும். விளக்கில் இல்லாத நிறத்தைப் பட்டு எங்கிருந்து கொடுக்கும்? நம் பழுப்பு நிறத் தோலும் இப்படித்தான். ஆழ்சிவப்பு குறைந்த வெளிச்சத்தில் முகம் களையிழந்து காணப்படும்.

வண்ணக் கண்ணாடிகளைப் போட்டுச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். இவ்விளக்குகளில் சியான், மெஜெந்தா, மஞ்சள் என மூன்று வடிகட்டிகள் உண்டு. ஆனால் வடிகட்டி நிறத்தைப் படைப்பதில்லை; வேண்டாத நிறத்தைக் கழிக்க மட்டுமே செய்யும். இருப்பதே குறைவு என்றால், கழித்தபின் மிஞ்சுவது இன்னும் குறைவு.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சிஆர்ஐ என்ற எண்ணால் அளக்கிறார்கள். 100 என்றால் மிக நன்று. ஆனால் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது நிறம். அது அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை! எனவே நல்ல சிஆர்ஐ உள்ள விளக்கும் அரக்குப் பட்டைக் கைவிடக்கூடும். நிறத்தை மேம்படுத்தும் வடிகட்டியோடு சில எல்இடி விளக்குகள் வருகின்றன. அதை இட்டால் நிறம் சீராகும், லூமன் குறையும்.

பழைய மின்வில்லும் இதில் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. சூரிய ஒளிக்கும் பழைய டங்ஸ்டன் இழை விளக்குக்கும் இருக்கும் இடைவெளியற்ற நிறமாலை அதற்கும் கிடையாது. ஆனால் அதன் உலோக உப்புகள் நிறமாலை முழுதும் நெருக்கமான பல கோடுகளை இடுவதால், குறைகள் வேறிடத்தில் விழுந்தன. எல்இடி வந்ததும் பழகிய உடை புதிதாகத் தெரிய இதுவே காரணம்.

ஆக, எது நல்லது?

அடிக்கடி ஏற்றி அணைக்கும் பள்ளி மண்டபத்துக்கு எல்இடியே பொருத்தம். மின்சாரம் மிச்சம், பாதரசம் இல்லை, காத்திருப்பும் இல்லை. வானைத் தொடும் மெல்லிய கற்றைக்கு மின்வில் இன்னும் போட்டியில் இருக்கிறது. நடன அரங்குக்கு எல்இடி வாங்குவோர் லூமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஓர் அரக்குப் பட்டுத் துணியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

புதிய கருவி எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு உண்கிறது? எவ்வளவு தருகிறது? தருவதில் எது குறைகிறது? மூன்றாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் விளம்பரத் தாளில் இருக்காது. அதை நாமே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. பழைய குறுந்தட்டு ஒன்றை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தில் வீட்டு எல்இடி விளக்கின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். வானவில் பட்டை தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மங்கலான பகுதி இருக்கிறதா? சூரியனையும் மேடை விளக்கையும் இப்படிப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

2. அடர்சிவப்புத் துணி ஒன்றை முதலில் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு இருட்டறையில் கைப்பேசி விளக்கின் ஒளியில் பாருங்கள். வேறுபாட்டை எழுதி வையுங்கள்.

3. மூவிங் ஹெட் தன் கழுத்தை 540 பாகை திருப்பும் எனக் கொள்வோம். அதை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு எத்தனை பாகை? 20 மீட்டர் தொலைவில் ஒளி வட்டம் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு தாவும்? 65,536 படிகளாகப் பிரித்தால்? (விடை: ஏறத்தாழ 2.1 பாகை, 74 சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.)