யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?

விழுப்புரம்–காட்பாடி ரயிலில் ஆரணிக்குப் போகிறவர்கள் இறங்குமிடம் களம்பூர். நிலையத்தின் பெயரே ஆரணி ரோடுதான். களம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரிசி, ஆரணி என்றால் பட்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் அதிகாலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டினால், எதற்கென்று கேட்காமலே புறப்பட்டுப் போவார்கள். தெருவில் தறிக்கான பாவை நீட்டிக் கட்டும் வேலையாக இருக்கும். பாவு நீளமானது, ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட ஒருவர், இழுத்துப் பிடிக்க இருவர், வெயில் ஏறுவதற்குள் முடிக்க இன்னும் நாலு கை வேண்டும். இன்று நான் உன் பாவுக்கு வந்தால் நாளை நீ என் பாவுக்கு வருவாய். வர முடியாவிட்டால், "இன்னிக்கு ஆவாதுண்ணா, நெல்லு அரைக்கப் போவணும்" என்றால் போதும். அதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள்.

ஆள் சேர்ப்பது அன்றும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. சீட்டுப் பிடிக்கும் அக்கா இருபது பேரைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார். "நீ ஒரு சீட்டு போடு, உன் நாத்தனாரையும் ஒண்ணு போடச் சொல்லு" என்று கெஞ்சவும் செய்தார். ஆனால் இருபது பேர் சேர்ந்ததும் சீட்டு நிறைந்துவிட்டது. இருபத்தொன்றாவது ஆள் வந்தால் "அடுத்த சீட்டுல பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சேராதவளைப் பற்றி அக்காவுக்கு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். சேராதது அவளுடைய மனக்கோளாறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தன்னை மேம்படுத்திக்கொள்ளும் ஆசையும் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அப்துற் றஹீமின் முன்னேற்ற நூல்கள் நூலகங்களில் அட்டை கிழியக் கிழியப் படிக்கப்பட்டன. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஆனந்த விகடன் வழியே எத்தனையோ சின்ன ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. 1988இல் அவர் தொடங்கிய மக்கள் சக்தி இயக்கத்தின் கூட்டங்களுக்கு இளைஞர்கள் சைக்கிளில் போனார்கள். வேதாத்திரி மகரிஷியோ நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1911இல் கூடுவாஞ்சேரியில் பிறந்து, சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, மனவளக்கலையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அங்கேயும் ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் போனார். முதுகுவலியோடு குழித்தறியில் கிடந்தவர் எளிய முறை உடற்பயிற்சி செய்து தேறினால், பக்கத்துத் தறிக்காரர் தானாகவே கேட்டார். கேட்டவருக்குச் சொல்வது வேறு, கேட்காதவரைத் துரத்துவது வேறு.

இன்று தறிச்சத்தம் குறைந்த தெருக்களில் விடியலில் வந்து நிற்பது கம்பெனி பஸ். செய்யாறு சிப்காட் காலணி ஆலைக்கும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது, ஆனால் பத்து வருடம் கழித்தும் இதே லைனில் நிற்பதா என்ற கேள்வி தூங்கவிடுவதில்லை. அந்தக் கேள்வியைக் குறிவைத்துத்தான் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம், ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி, அனுமதி இலவசம். அனுப்பியவர் சித்தப்பா மகனாகவோ கூட வேலை பார்க்கும் அக்காவாகவோ இருப்பார். முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

உள்ளே நடப்பதில் பாதி உண்மையிலேயே நல்லது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேடை ஏறிப் பேசாதவர்கள் பேசுகிறார்கள். அப்பாவோடு வருடக்கணக்காகப் பேசாத பையன் அங்கேயே போன் போட்டு அழுகிறான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதன் ஈரம் காய்வதற்குள் கையில் ஒரு தாளும் பேனாவும் வந்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாளில் 1 முதல் 100 வரை எண்கள். செல்போனைத் திறந்து, பெயர் பெயராக எழுத வேண்டும். முதல் பத்துப் பெயர்கள் சுலபமாக வரும்: தங்கை, மச்சான், மாமா பெண். முப்பதைத் தாண்டினால் ரைஸ் மில் கணக்குப்பிள்ளை, பிள்ளையின் டியூஷன் டீச்சர், பால்காரர். அறுபதில் கை நிற்கும். அப்போது பின்னால் ஒரு தொண்டர் வந்து குனிவார்.

"உங்க தங்கச்சிய இன்னும் கூப்பிடலியே மேடம்?"

"அவளுக்குக் கஷ்டம் சார், வீட்ல மூணு பிள்ளைங்க."

"அப்ப அவங்களுக்குத்தானே இது மொதல்ல வேணும்? நீங்க கேக்கறதுக்கே பயப்படறீங்க. அந்தப் பயத்தைத் தாண்டத்தானே இங்க வந்தீங்க?"

இந்த இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகத் தெரிகிறது. சீட்டுக்கார அக்காவிடம் 'வேண்டாம்' என்பது ஒரு பதில். இங்கே அது நோயின் அறிகுறி. தங்கையைக் காப்பாற்ற நினைக்கும் தயக்கம், கூச்சம், இங்கிதம் எல்லாம் 'உங்களைத் தடுக்கும் சுவர்' என்று பெயர் மாற்றப்படுகின்றன. ஆளைக் கூட்டி வந்தால் வளர்ந்துவிட்டீர்கள். கூட்டி வராவிட்டால், நீங்கள் இன்னும் மாறவில்லை.

இந்த முறை நம் ஊரில் முளைத்ததல்ல. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சி விளம்பரத்தைவிட, முடித்தவர்களின் வாய்மொழியை நம்பிப் பரவியது. அதன் வழியில் 1991இல் உருவான லேண்ட்மார்க் நிறுவனத்தின் பயிற்சியில் மூன்று நாள் வகுப்புக்குப் பிறகு ஒரு மாலை அமர்வு உண்டு. அதற்கு நண்பர்களையும் உறவினர்களையும் அழைத்துவரச் சொல்வார்கள். கட்டாயமில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அழுத்தம் இருந்தது என்பது போய்வந்த பலரின் குறை. 2004இல் பிரான்ஸ் தொலைக்காட்சி ஒன்று மறைகேமராவோடு உள்ளே போனது. தொண்டர்களைச் சம்பளமின்றி வேலை வாங்குகிறார்களா என்று தொழிலாளர் துறை ஆய்வாளர்களும் விசாரித்தார்கள். அந்த ஆண்டே நிறுவனம் அங்கே கடையை மூடியது. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய நெக்சியம் குழுவிலோ உறுப்பினர்கள் அணிந்த துண்டின் நிறமே படிநிலையைக் காட்டியது. மேலே ஏற ஆள் சேர்த்தாக வேண்டியிருந்தது. அதன் தலைவர் கீத் ரனியேருக்கு 2020இல் 120 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆள்கடத்தல் உட்பட்ட கொடுங்குற்றங்களுக்கான தண்டனை அது. எல்லாப் பயிற்சிக்கும் அதே சாயத்தைப் பூச முடியாது.

கணக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவர் இரண்டே பேரைச் சேர்த்தால் போதும் என்று வைத்தாலும், பதினாலாவது படியில் மொத்தம் 16,383 பேர். ஒரு பேரூராட்சியின் கைக்குழந்தை வரை அதில் அடங்கிவிடும். இருபதோடு நின்ற சீட்டைப் போல நிற்க இதற்கு ஓர் இடமில்லை.

சட்டம் இருக்கிறது. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பணச்சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் பிரமிடு முறையைக் கூடாது என்கின்றன. ஆனால் இவை பிடிப்பது பணம் கைமாறும் இடத்தை. கமிஷன் எதுவும் தராமல், 'நீ வளரவில்லை' என்ற ஒரே சொல்லால் ஆள் சேர்க்க வைத்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அந்த இடைவெளியில்தான் இலவச ஞாயிறுகள் நடக்கின்றன. அங்கே பழகிய கை, பிறகு முதலீட்டுத் திட்டத்துக்கும் அதே பட்டியலை எடுக்கிறது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்களே, அவர்களில் பலர் தங்கள் சொந்தக்காரர்களையும் அதில் சேர்த்துவிட்டிருக்கக்கூடும். நிறுவனம் விழுந்தால் பணத்தோடு முகமும் போய்விடும் என்ற பதற்றம் அவர்களுக்கு இருந்திருக்காதா?

பொருளாதாரக் குற்றப்பிரிவின் கணக்கில், அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் வழக்கில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலாகியிருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் முப்பது பேரைச் சேர்த்துவிட்ட பெண் தன் தாலிக்கொடியை அடகுவைத்துப் போட்ட பணமும் உள்ளேதான் இருக்கும். அவர் புகார் எழுதப் போகும்போது, அந்த முப்பது பேரும் அவர்மேல் புகார் எழுதிக்கொண்டிருப்பார்கள். தங்கை அதில் முதல் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஒரே பெயர் ஏமாந்தவர் பட்டியலிலும் ஏஜென்ட் பட்டியலிலும் ஏறுகிறது. எந்தப் பட்டியலில் அவரை நிறுத்துவது என்று விசாரிக்கும் காவலருக்கும் குழப்பம், வீட்டில் சோறு போடும் மாமியாருக்கும் குழப்பம்.