அந்தமான் பஸ்: மரியாதை ஜன்னலுக்கு வெளியே

மற்ற ஊர்களில் நெரிசல் நேரம் என்றால் காலை 9 மணி. அந்தமானில் அது இருட்டோடு தொடங்கிவிடுகிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் பஸ்கள் 4 மணி வாக்கிலேயே கிளம்புகின்றன. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேரும்போது வாகன வரிசை நீண்டு கிடக்கும். டீக்கடைகளில் கூட்டம். டிரைவர்கள் கையில் விவரப் படிவங்கள். 6 மணிக்கு கேட் திறக்கும்போது எல்லா வண்டிகளும் போலீஸ் காவலோடு ஒரே அணியாகப் புறப்படவேண்டும். தவறவிட்டால் அடுத்த அணிக்குச் சில மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத் துறை வரை சுமார் 49 கி.மீ. இந்தியாவில் வேறெந்த பஸ் பயணத்துக்கும் இல்லாத ஒழுங்குமுறைகள் இந்தத் தூரத்துக்கு உண்டு. வண்டி நிற்கக்கூடாது. முந்தக்கூடாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. எதையும் வெளியே வீசக்கூடாது, யாருக்கும் எதையும் கொடுக்கக்கூடாது. கால் மிதிப்பது, சீட்டுக்குத் துண்டு போடுவது போன்ற வழக்கமான பஸ் சண்டைகள் இங்கேயும் இல்லாமலில்லை. ஆனால் இந்த விதிகள் பக்கத்து சீட்டுக்காரருக்காக ஏற்பட்டவை அல்ல. சாலையோரம் நிற்கக்கூடிய ஜாரவாக்களுக்காக ஏற்பட்டவை.

2011 கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். வேட்டையும் மீன்பிடிப்பும் காட்டுத் தேனும்தான் அவர்கள் வாழ்க்கை. 1970களில் அவர்கள் காட்டை வெட்டி அந்தமான் டிரங்க் ரோடு போடத் தொடங்கியபோது தொழிலாளர்கள் மீது அம்புகள் பாய்ந்தன. 1998 வாக்கில்தான் அவர்கள் வில்லைத் தாழ்த்திவிட்டுக் கதம்தலா பக்கம் வெளியே வர ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. இந்த நோய் வெளியாட்களுக்குச் சாதாரணம். தீவுவாசிகளுக்கு அப்படியல்ல. 1877இல் வந்த அம்மை கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பது வரலாறு.

அதனால்தான் ஜன்னல் வழியே நீட்டப்படும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட இங்கே விபரீதமாகிறது. கொடுப்பவர் இரக்கம் என்று நினைக்கிறார். வாங்குபவர் நாளை மறுபடியும் அதே வளைவில் வந்து நிற்கிறார், பிறகு வண்டியை மறிக்கிறார். வாழைப்பழத்தில் ஆரம்பித்தது புகையிலையில் வந்து நின்றது. 2012 ஜனவரியில் பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழ் வெளியிட்ட வீடியோவில், உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காட்சியைப் பார்த்து நாடே தலைகுனிந்தது. அதே ஆண்டு 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகத்துக்குள் போட்டோ எடுத்தால் சிறை என்று எச்சரிக்கைப் பலகைகள் வந்தன.

ஆனால் எல்லாப் பயணிகளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அதிகாலை பஸ்ஸில் ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் டிக்லிபூருக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹிந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு என்று எல்லா மொழியும் கலந்து கேட்கும். எதிர்த்திசையில் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள், கல்லூரி மாணவர்கள். கப்பலுக்கு வானிலை ஒத்துழைக்கவேண்டும், ஹெலிகாப்டரில் இருக்கைகள் சொற்பம். இவர்களில் பலர் காடு வந்ததும் தூங்கிவிடுகிறார்கள். இதைவிட நாகரிகமான நடத்தை இருக்கமுடியாது.

சிக்கல் பின்னால் வரும் டூரிஸ்ட் கார்களில் இருக்கிறது. அவர்கள் போவது பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்க. ஆனால் வழியில் 'அவர்கள்' தென்படுவார்களா என்ற ஆவல்தான் பலருக்கு முன்னால் நிற்கிறது. மனிதர்களைப் பார்க்கப் போகும் சஃபாரி இது என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியவில்லை.

உண்மையில் இந்தப் பொறுப்பைப் பயணிகளின் நாகரிகத்திடம் ஒப்படைத்திருக்கவே வேண்டியதில்லை. காப்பகம் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடும்படி 2002 மே மாதமே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நிர்வாகம் மூடவில்லை. வடக்கே உள்ளவர்களுக்கு வேறு வழியில்லை என்று வாதாடியது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் டிக்லிபூர் பஸ்ஸுக்குப் பொருந்துமே தவிர டூரிஸ்ட் காருக்குப் பொருந்தாது. 2013 ஜனவரியில் கோர்ட்டின் இடைக்கால உத்தரவால் சுற்றுலா வாகனங்கள் நின்றன, உள்ளூர் பஸ்கள் ஓடின. இரண்டையும் பிரிக்கமுடியும் என்பது அந்த ஒரு சில வாரங்களில் தெரிந்துபோயிற்று. மார்ச்சில் தடை விலகியதும் கார்கள் திரும்பிவந்தன. பாரட்டாங்குக்கு மாற்றுக் கடல் வழி 2017இல் வந்தபிறகும் வரிசை குறைந்தபாடில்லை.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் அணி கலைகிறது. பயணிகள் இறங்கி நடந்து படகில் ஏற, பஸ்ஸும் அதே படகில் ஏறுகிறது. வண்டிகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் ஆட்கள். காமிராக்கள் பைகளிலிருந்து வெளியே வருகின்றன. அக்கரையில் ரங்கத் போகிறவர்கள் ஓடிப்போய் மறுபடியும் சீட் பிடிக்கிறார்கள். காலை அணியில் வந்த சுற்றுலாக் கார்கள் குகை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பவேண்டும். அதே 49 கி.மீ., ஒரே நாளில் இரண்டாவது முறை.