காதுக்கும் புரியும் பக்கம்



ஒரு சின்னக் கணக்கு. பக்கத்தில் இருப்பவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்: “எட்டு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு.” விடை என்ன? எட்டையும் நான்கையும் மேலே எழுதி, இரண்டுக்கும் அடியில் நீளமாகக் கோடு போட்டு, கீழே இரண்டு என்று எழுதியிருந்தால் விடை 6. கோடு நான்கின் அடியில் மட்டும் இருந்தால் விடை 10. பார்க்கிறவருக்கு அந்தக் கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடும். கேட்கிறவருக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் டி. வி. ராமன். 1965இல் பூனாவில் பிறந்த அவர், கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். வீட்டில் உள்ளவர்கள் பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். அவர் பிரெயில் கற்றார், கணிதத்தில் பட்டம் பெற்றார், பம்பாய் ஐ.ஐ.டி.யில் மேற்படிப்பு முடித்தார். பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனார்.

எழுத்தை வாசித்துச் சொல்லும் கணினிகள் அப்போதே இருந்தன. ஆனால் கணிதச் சமன்பாடு வந்தால் அவை குழம்பிவிடும். ராமன் ஒன்றைக் கவனித்தார். விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை லேடெக் என்ற முறையில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் ‘இது தலைப்பு’, ‘இது பின்னம்’, ‘இது அடுக்கு’ என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுகிறார்கள். அச்சுக்காகப் போட்ட அந்தக் குறிகளை ஏன் குரலுக்கும் பயன்படுத்தக் கூடாது?

அப்படிப் பிறந்ததுதான் ‘ஆஸ்டர்’. அடுக்கு எண் வந்தால் குரல் உயரும். கீழ்க்குறி வந்தால் குரல் தாழும். கேட்கிறவர் வேண்டாத பகுதியைத் தாண்டிப் போகலாம், வேண்டியதைத் திரும்பக் கேட்கலாம். ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட! 1994இல் முடித்த இந்த ஆய்வுக்கு, ஏ.சி.எம். என்னும் கணினியியலாளர் சங்கம் சிறந்த ஆய்வேட்டுக்கான விருதை வழங்கியது.

அடுத்த ஆண்டே, கணினியைக் குரல் வழியாக இயக்க உதவும் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தார். அடோபி, ஐ.பி.எம்., 2005 முதல் கூகுள் என்று வேலை இடம் மாறினாலும் அவருடைய எண்ணம் மாறவில்லை.

இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் அமைப்பு வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம். அது 2003இல் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற தரத்தை வெளியிட்டது. அதைத் தொகுத்த நால்வரில் ராமனும் ஒருவர். இணையப் படிவத்தில் ‘இங்கே ஒரு வட்டப் பொத்தான் வரைக’ என்று எழுதாமல், ‘இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்’ என்று எழுதுவதே அதன் வழி. அதைத் திரையில் பட்டியலாகக் காட்டலாம். தொலைபேசியில் கேள்வியாகவும் கேட்கலாம். பெரிய உலாவிகள் இந்தத் தரத்தை ஏற்கவில்லை என்பதும் உண்மை. பல வருட உழைப்பு எதிர்பார்த்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ராமன் அதோடு நிற்கவில்லை. தொடுதிரைக் கைபேசிகள் வந்தபோது, தடவிப் பார்க்கப் பொத்தான் இல்லாமல் பார்வையற்றோர் எப்படி எண்களை அழுத்துவார்கள் என்ற கேள்வி எழுந்தது. கூகுளில் அவரும் ஒரு சக பொறியாளரும் எளிய வழி ஒன்றைக் கண்டார்கள்: விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே 5. அங்கிருந்து இடப்பக்கம் மேலே நகர்த்தினால் 1, வலப்பக்கம் கீழே நகர்த்தினால் 9. விரல் பொத்தானைத் தேட வேண்டியதில்லை!

இன்று உங்களில் பலர் பள்ளிக்கும் சங்கத்துக்கும் இணையப் பக்கம் செய்கிறீர்கள். ஒரு வரியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டால் பார்க்கிறவருக்கு அது தலைப்பு. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் இன்னொரு வரி. அதையே தலைப்புக்குரிய குறியோடு எழுதினால், பார்வையற்றவர் ஒரே விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போவார். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுங்கள். பெயரில்லாத ஒரு கட்டத்தால் ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிய முடியாமல் போகலாம்.

ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். உங்கள் கைபேசியில் திரையை வாசிக்கும் குரல் ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளில் போய் அதை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் செய்த பக்கத்தில் ஒரு படிவத்தை நிரப்புங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தை முதலில் திருத்துங்கள்.